மதம் ஏன் இன்னும் இருக்கிறது?

மாஸ்கோவில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு பெரிய தேவாலயம் இருந்தது. மீட்பர் கிறிஸ்து பேராலயம் என்று பெயர். 1931 டிசம்பரில் ஸ்டாலின் அரசு அதை வெடிவைத்துத் தகர்த்தது. அந்த இடத்தில் உலகமே அண்ணாந்து பார்க்கும்படி ஒரு சோவியத் அரண்மனை எழும்பும் என்றார்கள். அஸ்திவாரம் போட்டதோடு சரி. போர் வந்தது, நட்டுவைத்த இரும்பையெல்லாம் பிடுங்கிப் போர் வேலைக்குக் கொண்டுபோனார்கள், பள்ளம் மட்டும் மிஞ்சியது. 1960இல் அந்தப் பள்ளத்தையே ஒரு பிரம்மாண்டமான திறந்தவெளி நீச்சல் குளமாக்கினார்கள். வெந்நீர்க் குளம் என்பதால் பனி கொட்டும் மாதங்களிலும் ஆவி பறக்க மக்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். சோவியத் ஒன்றியம் சிதறியபின் குளத்தை மூடினார்கள். பழைய குவிமாடங்களை முன்பிருந்தபடியே கட்டியெழுப்பி 2000ஆம் ஆண்டில் அர்ச்சிப்பும் நடத்திவிட்டார்கள்.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது குளமோ குவிமாடமோ அல்ல. நடுவில் நடந்த ஒரு கணக்கெடுப்பு. 1937 ஜனவரியில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், உங்களுக்கு மத நம்பிக்கை உண்டா என்று ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தார்கள். ரகசிய வாக்கெடுப்பு மாதிரி அல்ல, பெயர் விவரத்தோடு சொல்லவேண்டிய பதில். பாதிரியார்களை முகாம்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். “ஆமாம், நம்புகிறேன்” என்று ஒரு அரசு ஊழியரிடம் சொல்வதில் என்ன ஆபத்து என்று யாருக்கும் தெரியாமலில்லை. அப்படியிருந்தும் 16 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், சுமார் ஐந்தரைக் கோடிப் பேர், உண்டு என்றே சொன்னார்கள். அரசு அந்த முடிவுகளை வெளியிடாமல் பூட்டிவைத்தது. கணக்கெடுப்பை நடத்திய அதிகாரிகளைக் கைது செய்தது. 1939இல் மறுபடி கணக்கெடுத்தபோது அந்தக் கேள்வியையே காணோம்.

இருபது வருடப் பிரச்சாரம், பள்ளிப்பாடம், போலீஸ், சிறை எல்லாம் சேர்ந்தும் அசைக்க முடியாத ஒன்று என்றால் அது எப்படிப்பட்டது? “ஜனங்களுக்கு அறிவு போதாது” என்பது சட்டென்று வரும் பதில். எனக்கு அது திருப்தி தந்ததில்லை. நன்றாகப் படித்தவர்கள், அறிவியலில் ஊறியவர்கள்கூட வழிபடுகிறார்கள். படிக்காத நாத்திகர்களும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துவைத்துக்கொள்வோம். கடவுள் இருக்கிறாரா என்பது ஒன்று. மதம் ஏன் இருக்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருந்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கும். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றி மட்டும்.

மதத்தை ஒரு ‘பதில்’ என்று நினைப்பதில்தான் நாம் முதலில் வழுக்குகிறோம். இடி ஏன் இடிக்கிறது, நோய் எங்கிருந்து வருகிறது என்பதற்கெல்லாம் பழைய காலத்தார் வைத்திருந்த பதில் என்று. அவ்வளவுதான் மதம் என்றால், மின்னலுக்கும் நோய்க்கிருமிக்கும் சரியான விளக்கம் கிடைத்த அன்றே அது பரணுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் மதத்தில் பெரும்பகுதி, சொல்வதைவிடச் செய்வது: விடியுமுன் எழுவது, குனிவது, பட்டினி கிடப்பது, சேர்ந்து பாடுவது, பிள்ளைக்குப் பெயர் வைப்பது, செத்தவரை அனுப்பிவைப்பது. ஒரு கருத்தைத் தோற்கடிக்க இன்னொரு கருத்து போதும். இத்தனை வேலைகளையும் பார்க்கும் ஒன்றை அப்படித் தோற்கடிக்க முடியாது.

முக்கோணத்துக்குக் கோபம் வருமா?

1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படத்தைத் தயாரித்துச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். படத்தில் மனிதர் யாரும் இல்லை. ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு மாதிரித் திறந்து மூடும் ஒரு பெட்டி. இவை இங்குமங்கும் நகரும், இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டபோது கிட்டத்தட்ட எல்லோரும் கதை சொன்னார்கள். பெரிய முக்கோணம் முரடன், வட்டம் பயந்துபோய் உள்ளே ஒளிகிறது, சின்னவன் அவளைக் காப்பாற்ற வருகிறான். “மூன்று வடிவங்கள் நகர்ந்தன” என்று வடிவியல் பாஷையில் சொன்னவர் ஒரே ஒருவர்தான்.

நம் மூளை அப்படி. எங்கே அசைவைக் கண்டாலும் அதற்குப் பின்னால் ஒரு மனசையும் ஒரு நோக்கத்தையும் தேடுகிறது. இதில் ஒரு லாப நஷ்டக் கணக்கு இருக்கிறது. கயிற்றைப் பாம்பென்று எண்ணித் துள்ளியவனுக்குக் கொஞ்சம் வெட்கம்தான் நஷ்டம். பாம்பைக் கயிறென்று எண்ணி மிதித்தவனுக்கு அப்புறம் பிள்ளைகுட்டி இல்லை. நாம் எல்லோரும் துள்ளியவர்களின் வாரிசுகள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சொல்வதைத்தான் அறிவாற்றல் சார்ந்த சமய ஆய்வு நீட்டி முழக்கிச் சொல்கிறது: இல்லாத இடத்திலும் ஆளைக் காணும் பழக்கம் பிறவியிலேயே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஒருவர் நம்மைக் கவனிக்கிறார் என்ற எண்ணம் அதில் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது.

சரி, இது உண்மைதான். ஆனால் எனக்குப் பட்டவரை இந்த விளக்கம் பேய்க்குப் பொருந்தும் அளவுக்கு மதத்துக்குப் பொருந்தவில்லை. இருட்டில் ஏதோ இருக்கிறது என்று நம்புவது வேறு, அந்த ஏதோவுக்காக ஆயுள் முழுக்க விரதம் இருப்பது வேறு. விதை எங்கிருந்து வந்தது என்று இது சொல்கிறது. அது எப்படி மரமாயிற்று என்பதை வேறு இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஆழ்கடலும் மரண வீடும்

முதல் உலகப்போர்க் காலத்தில் பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர், பப்புவா நியூகினியை ஒட்டிய டிராப்ரியாண்ட் தீவுகளில் தங்கி அங்குள்ளவர்களின் வாழ்க்கையைக் கவனித்தார். மீன்பிடிப்பில் அவர் கண்டது இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. கரையோர உப்பங்கழியில் மீன் பிடிப்பது அங்கே சுலபம், நிச்சயமாகக் கிடைக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. அதற்கு மந்திரம் கிடையாது. அதே ஆட்கள் ஆழ்கடலுக்குப் போகும்போது விரிவான மந்திரச் சடங்குகள் செய்தார்கள். படகு கட்டுவதிலும் கடலைப் படிப்பதிலும் கைதேர்ந்தவர்கள் அவர்கள். திறமைக்குப் பதிலாகச் சடங்கை வைக்கவில்லை. தங்கள் திறமை எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, சடங்கு அங்கிருந்து தொடங்கியது.

இதன் நவீன வடிவம் ஒன்றும் இருக்கிறது. 2011 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரை நிலநடுக்கம் தாக்கி 185 பேர் இறந்தார்கள். நாடு முழுக்க ஒரே ஆட்களிடம் ஆண்டுதோறும் கேள்வி கேட்கும் ஓர் ஆய்வு அதற்கு முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது. நாட்டின் மற்ற பகுதிகளில் மதப்பற்று குறைந்துகொண்டிருந்த அதே சமயத்தில், நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களிடம் மட்டும் கூடியிருந்தது. எந்தப் பிரசங்கியும் வந்து மாற்றவில்லை. காலடியில் தரை ஆடியது, அவ்வளவுதான்.

ஆடும் தரைகளில் பெரியது மரணம். ஒரு வீட்டில் ஒருவர் இறந்துபோன முதல் ஒரு மணி நேரத்தை நினைத்துப்பாருங்கள். யாருக்கும் கைகால் ஓடாது. ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் காரணமில்லாமல் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பார். அப்போது விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் உள்ளே வருவார். உடலை எந்தப் பக்கம் பார்க்கக் கிடத்துவது, யார் கழுவுவது, என்ன சொல்ல வேண்டும், எத்தனை மணிக்கு எடுப்பது, எத்தனை நாள் துக்கம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் விடை தயாராக இருக்கும். பத்து நிமிடத்தில் எல்லோர் கைக்கும் ஒரு வேலை வந்துவிடும். அழுகை நிற்காது, ஆனால் அழுவதற்கும் ஒரு நேரமும் இடமும் கிடைத்துவிடும். இதயம் ஏன் நின்றது என்று மருத்துவர் சொல்வார். அதற்கப்புறம் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் படித்த பாடத்தில் இல்லை.

இது எவ்வளவு பழைய வேலை என்பதற்கு மாஸ்கோவுக்குக் கிழக்கே சுங்கிர் என்ற இடத்தில் ஒரு சாட்சி கிடைத்தது. 30,000 ஆண்டுகளுக்கும் முந்திய கல்லறை, தலையோடு தலை சேர்த்துப் படுக்கவைத்த இரண்டு சிறுவர்கள். அவர்கள் மேல் மாமத் யானைத் தந்தத்தில் செதுக்கிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மணிகள், பக்கத்தில் தந்தத்தை நிமிர்த்திச் செய்த நீண்ட ஈட்டிகள். ஒரு மணியைச் செதுக்க ஒரு மணி நேரம் என்று வைத்தாலே பத்தாயிரம் மணி நேர உழைப்பு. வேட்டையாடிப் பிழைத்த ஒரு சின்னக் கூட்டம் அவ்வளவையும் மண்ணுக்குள் வைத்து மூடியிருக்கிறது. அவர்கள் என்ன நம்பினார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. செய்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஒரே ஊர், இரண்டு கூட்டம்

மதம் நீடிப்பதற்கு எனக்கு மிக வலுவாகத் தோன்றும் காரணம் இது. 1912இல் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் சொன்ன கருத்திலிருந்து தொடங்கலாம். புனிதமானது என்று ஒரு கூட்டம் எதை ஒதுக்கிவைக்கிறதோ, அதைச் சுற்றித்தான் அந்தக் கூட்டமே கட்டப்படுகிறது என்றார் அவர். திரளாகக் கூடி ஒரே மாதிரி ஆடிப் பாடும்போது எழும் பொங்குதலில், ஆட்கள் தம்மைவிடப் பெரிய ஒன்றைத் தொட்டதாக உணர்கிறார்கள். அந்தப் பெரிய ஒன்று அவர்களுடைய சமூகமேதான் என்பது அவர் வாதம்.

கேட்பதற்குக் கவித்துவமாக இருக்கிறது, ஆதாரம் உண்டா என்று கேட்கலாம். ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிகே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் தீ மிதிப்பார்கள். ஆய்வாளர்கள் மிதிப்பவர்களுக்கும் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டார்கள். 2011இல் முடிவு வெளிவந்தது. தணலில் நடப்பவரின் துடிப்பு ஏறி இறங்கிய விதத்திலேயே, அசையாமல் உட்கார்ந்திருந்த அவருடைய சொந்தக்காரர்கள், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியிருந்தது. சம்பந்தமில்லாத வெளியூர்ப் பார்வையாளர்களின் துடிப்பில் அந்த ஒற்றுமை இல்லை.

இனி, நான் சொல்லவந்த ஊர். அமெரிக்காவின் இண்டியானாவில் வாபாஷ் ஆற்றங்கரையில் நியூ ஹார்மனி இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து ஜார்ஜ் ராப் என்பவர் பின்னால் வந்த பக்தர்கள் 1814இல் காட்டைத் திருத்தி அதைக் கட்டினார்கள். கிறிஸ்து சீக்கிரம் திரும்பி வருவார் என்று காத்திருந்தவர்கள். சொத்து எல்லாம் பொது. அதோடு 1807 முதலே பிரம்மச்சரியம், கணவன் மனைவிக்கும் சேர்த்து. பத்து ஆண்டுகளில் வீடுகள், ஆலைகள், தோட்டங்கள் என்று ஊர் செழித்தது. அப்புறம் அவர்கள் பென்சில்வேனியாவுக்கு இடம்பெயர முடிவு செய்து, ஊரை மொத்தமாக 1825இல் ராபர்ட் ஓவனுக்கு விற்றார்கள்.

ஓவன் சாதாரண ஆள் அல்ல. ஸ்காட்லாந்தில் நியூ லனார்க் பஞ்சாலையைத் தொழிலாளிகளுக்கு மரியாதையோடு நடத்திக் காட்டிப் புகழ் பெற்றவர். எல்லா மதங்களும் மனிதனைக் கெடுத்தன என்று நினைத்தவர். சொத்துப் பேதமில்லாத, பகுத்தறிவில் நிற்கும் ஒரு சமூகத்தை இங்கே கட்டலாம் என்று அழைத்தார், நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தார்கள். அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் ஒரு படகு நிறைய வந்து இறங்கினார்கள். தயாராகக் கட்டிய ஊர், நல்ல நிலம், நல்ல நோக்கம், பணமுள்ள தலைவர். யார் உழைப்பது, யாருக்கு எவ்வளவு, யார் முடிவெடுப்பது என்று சண்டை. சட்டதிட்டத்தை மாற்றி மாற்றி எழுதினார்கள். பகுதி பகுதியாகப் பிரிந்தார்கள். 1827இல் கதை முடிந்தது. பிள்ளையே பெற்றுக்கொள்ளாத ராப் கூட்டமோ மொத்தம் நூறு ஆண்டுகள், 1905 வரை தாக்குப்பிடித்தது.

ஒரு சோற்றை மட்டும் பார்த்துப் பானையை முடிவு செய்யக்கூடாது என்று சொல்பவர்களுக்கு, மானுடவியலாளர் ரிச்சர்ட் சோசிஸ் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் 200 கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளை எடுத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார். எந்த ஆண்டை எடுத்தாலும், கலையாமல் நீடிக்கும் வாய்ப்பு மதக் குடியிருப்புகளுக்கு மற்றவற்றைவிட நான்கு மடங்கு அதிகம். பின்னர் 83 குடியிருப்புகளை இன்னும் நெருக்கமாகப் பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. உடைக் கட்டுப்பாடு, உணவு விலக்கு, உறவு விலக்கு என்று உறுப்பினரிடம் அதிகமாகக் கேட்ட மதக் குடியிருப்புகள் அதிக நாள் வாழ்ந்தன. மதச்சார்பற்றவற்றில் அதே கெடுபிடிகளால் ஒரு பயனும் இல்லை.

பாதிப் புதிர் சுலபமாக அவிழும். இலவசமாகச் சேரக்கூடிய கூட்டத்தில் உட்கார்ந்து தின்பவர்கள் நிறையச் சேருவார்கள். விலை அதிகமென்றால் அரைமனசுக்காரன் வாசலிலேயே திரும்பிவிடுவான், உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்பலாம். ஆனால் ஓவன் ஆட்களிடமும் கெடுபிடி போட்டிருக்கலாமே, ஏன் அது பலிக்காது? என் கணிப்பு இதுதான். ‘நம் நன்மைக்காக இந்த விதி’ என்று சொன்னவுடன், அது உண்மையிலேயே நன்மைதானா என்று கேட்க எல்லோருக்கும் உரிமை வந்துவிடுகிறது. ஒவ்வொரு விதியும் தினம் தினம் வழக்கு மன்றத்தில் நிற்கும். ‘கடவுள் சொன்னது’ என்ற விதிக்கு அந்த விசாரணை இல்லை. அறிவுக்கு அது குறைபாடு, ஒன்றாக வாழ்வதற்கு அது சிமெண்ட்.

அந்த சிமெண்ட் ஆட்களை உள்ளே அடைக்கவும் செய்கிறது என்பதைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. மதத்தை விட்டுப் போகிறவன் ஒரு கருத்தை மட்டும் விடுவதில்லை. கல்யாணம், நட்பு, சில சமயம் பெற்ற தாயின் முகத்தையும் விட வேண்டியிருக்கிறது. அரசர்கள் மதங்களுக்கு நிலமும் வாளும் கொடுத்தார்கள், மதங்கள் அரசர்களுக்கு ஆசி கொடுத்தன. பயத்தால் உள்ளே நின்றவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் காலத்திலும் எண்ணிப் பார்க்க முடிந்ததில்லை. ‘நாம்’ என்று இறுக்கிக் கட்டும் அதே முடிச்சு ‘அவர்கள்’ என்று தள்ளவும் செய்யும்.

பிள்ளைகளின் கணக்கு

சில நேரம் விளக்கம் இவ்வளவு ஆழத்தில் இருக்காது, வெறும் கூட்டல் கழித்தலில் இருக்கும். ஷேக்கர்கள் என்றொரு கிறிஸ்தவக் கூட்டம், அவர்களுக்கும் பிரம்மச்சரியம் விதி. அழகான மரச்சாமான்களுக்குப் பேர்போனவர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், இன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரே ஒரு குடியிருப்பில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். ராப் கூட்டத்தின் கதையும் முடிவில் இப்படித்தான் ஆயிற்று. அதே நாட்டில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நேரெதிர். வெளியாட்களைச் சேர்க்க மெனக்கெடுவதில்லை, கார் ஓட்டுவதில்லை. ஆனால் வீட்டுக்கு ஆறேழு பிள்ளைகள் சாதாரணம், அவர்களில் பெரும்பாலானோர் வளர்ந்தபின்னும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். 1900 வாக்கில் சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் 2020இல் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

பிள்ளைகள் ஏன் தங்குகிறார்கள் என்பதற்கு மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009இல் ஒரு யோசனை சொன்னார். குழந்தை நம் பேச்சைவிட நாம் எதற்காக நஷ்டப்படுகிறோம் என்பதைக் கவனிக்கிறது. சாமியைப் பற்றி வாயால் மட்டும் பேசும் அப்பாவிடமிருந்து மதம் பிள்ளைக்கு இறங்குவது கடினம். தூக்கத்தையும் பணத்தையும் விட்டுக்கொடுத்து வழிபடும் அப்பாவிடமிருந்து தானாக இறங்கும். பக்தியுள்ள வீடுகளிலிருந்து நாத்திகர்கள் வருவதற்கும் பல நேரம் இதுதான் வழி: வீட்டில் பேச்சு இருந்திருக்கும், செயல் இருந்திருக்காது.

அப்படியானால் தேயவே தேயாதா?

தேயும். தேய்ந்தும் வருகிறது, சில இடங்களில். சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1968இல், 21ஆம் நூற்றாண்டில் நம்பிக்கையாளர்கள் சிறு குழுக்களாக ஒடுங்கிக் கிடப்பார்கள் என்று ஆரூடம் சொன்னார். 1990களின் இறுதியில் தன் கணிப்பு தப்பு என்று அவரே வெளிப்படையாக எழுதினார். அப்படி ஒத்துக்கொள்ளும் அறிஞர்கள் அபூர்வம் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை. 2020 நிலவரப்படி உலகில் நான்கில் மூன்று பேர் ஏதோ ஒரு மதத்தைத் தங்களுடையது என்று சொல்கிறார்கள்.

ஆனால் டென்மார்க்கைப் பாருங்கள். மருத்துவம், ஓய்வூதியம், வேலை போனால் உதவி எல்லாவற்றையும் அரசு பார்த்துக்கொள்கிறது. ஆழ்கடல் அங்கே பெரும்பாலும் உப்பங்கழியாகிவிட்டது. வாரந்தோறும் தேவாலயம் போகிறவர்கள் மிகச் சிலர்தான். மாலினோவ்ஸ்கி கண்டதை ஒரு நாட்டளவுக்குப் பெரிதாக்கினால் எதை எதிர்பார்ப்போமோ அதுதான். ஆனாலும் பத்தில் ஏழு பேர் இன்னும் திருச்சபை உறுப்பினர்கள், அதற்கென்று வரியும் கட்டுகிறார்கள். கடவுளைப் பற்றிக் கேட்டால் தோளைக் குலுக்குவார்கள், அம்மாவை அடக்கம் செய்யப் பாதிரியாரைக் கூப்பிடுவார்கள். ஸ்டாலின் இடித்துப் பார்த்துத் தோற்ற இடத்தில், பயத்தைக் குறைத்த ஓர் அரசு பாதி ஜெயித்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மதம் நீடிக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, தனித்தனி மதங்கள் செத்துக்கொண்டுதான் இருக்கின்றன. எகிப்தில் நைல் நதித் தீவான ஃபிலேயில் ஐசிஸ் தெய்வத்துக்கு ஒரு கோயில். அங்கே கி.பி. 394 ஆகஸ்டில் எஸ்மெத்-அகோம் என்ற பூசாரி சுவரில் ஓர் உருவத்தைச் செதுக்கி, பக்கத்தில் ‘என்றென்றைக்கும்’ என்ற பொருளில் சித்திர எழுத்தில் எழுதிவைத்தார். காலம் தெரிந்த சித்திர எழுத்துக் கல்வெட்டுகளில் அதுதான் கடைசி. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய எழுத்து அதோடு நின்றது. ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கோயிலை மூடச் செய்தார். பழைய பூசாரிகள் இல்லை, ஆனால் கட்டடம் காலியாகக் கிடக்கவில்லை. அதன் ஒரு மண்டபத்தைத் தேவாலயமாக்கிக்கொண்டார்கள். ஐசிஸ் சிற்பங்களுக்குப் பக்கத்தில் சுவரில் வெட்டிய சிலுவைகளை இன்றும் பார்க்கலாம்.